உயர்தர மௌனம்

உலகத்திலேயே உயர்தரமான மௌனம் ரோம் நகரத்தில்தான் தயாராகிறது. ஓவியக் கூரைக்குப் பேர்போன ஓர் அருங்காட்சியகத் தேவாலயத்தில் ஒலிபெருக்கி வைத்து, நிமிஷத்துக்கு ஒரு தரம், ஆறு மொழிகளில் அதை உற்பத்தி செய்கிறார்கள். இந்த மகத்தான சேவையை அனுபவிக்க தினமும் இருபதாயிரம் பேர் இடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஒரு புதன்கிழமை தொமித்தில்லாவும் வந்தாள். டிராமில் கால்மணி நேரத் தூரத்தில் அறுபது வருஷமாகக் குடியிருப்பவள். உள்ளே கால் வைத்ததில்லை. ரோம்காரர்களுக்கு அது வெளியூர்க்காரர் சமாச்சாரம். ஆனால் அவள் தம்பி தர்ச்சீசியோவுக்கு அன்று பதினோரு மணிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. பூசைப் பக்கமே தலைகாட்டாத ஆசாமிக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததும் பக்தி பீறிட்டுவிட்டது.

"அக்கா, கத்தி வெக்கறதுக்குள்ள அந்தக் கூரைக்குக் கீழ நின்னு எனக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிடு. நம்ம தெருமுனை மாதா எல்லாருக்கும் தலையாட்டுறவ. இது பெரிய இடத்து சிபாரிசு."

பையைச் சோதித்தார்கள். தோளை மூடச் சொன்னார்கள். ஓவியங்களில் இயேசு பிறந்த அறையிலிருந்து சிலுவையில் தொங்கிய அறை வரைக்கும் அவள் தன் காலால் நடக்கவே இல்லை. கூட்டமே தூக்கிக்கொண்டு போனது. தேவாலயத்தில் இறக்கிவிட்டபோது மணி பத்து ஐம்பது.

கண்ணை மூடிக் கைகூப்பினாள். "அருள் நிறைந்த மரியே..."

"மௌனம்!" என்று இடி இடித்தது ஒலிபெருக்கி.

திடுக்கிட்டதில் ஜெபம் மறந்துபோயிற்று. மறுபடி ஆரம்பித்தாள். "கர்த்தர் உம்முடனே..."

"படம் எடுக்காதீர்!"

மூன்றாம் தரம் ஒரு காவலரே வந்து நின்றார். 'ஆஸ்வால்தோ' என்றது சட்டையில் பேட்ஜ்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஜெபம் பண்றேன் தம்பி."

"இங்கேயா?"

"கோயில்தானே இது?"

"அதனாலதாம்மா சொல்றேன், நடந்துகிட்டே இருங்க. மேல பார்க்கத்தான் டிக்கெட். நீங்க கண்ணை மூடிகிட்டு நின்னா, இங்க என்னவோ இருக்குன்னு பின்னாடி வர்றவங்களும் நின்னுடுவாங்க."

"ஐயோ, பதினோரு மணிக்கு எந்தம்பி நெஞ்சைப் பொளக்கறாங்கய்யா!"

ஆஸ்வால்தோவின் முகம் வாடிவிட்டது. "அடப் பாவமே..." என்று தொடங்கினார்.

"மௌனம்!" என்று ஒலிபெருக்கி அவரையே அதட்டியது.

அவ்வளவுதான், கூட்டம் அவளை வெளியே தள்ளிவிட்டது. திரும்பி நுழைய வழியில்லை. அம்புக்குறிகள் ஒரே திசையில்தான் போகும். மணி பத்து ஐம்பத்தெட்டு. அழுகையை அடக்கிக்கொண்டு, தன்னையறியாமல் ஒரு வரிசையில் போய் நின்றாள்.

பெண்கள் கழிப்பறை வரிசை.

நாற்பது பெண்கள், பத்து தேசம். எல்லோரும் தலைகுனிந்து, பொறுமையாக, ஒரே கதவை நம்பி நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. தொமித்தில்லா கண்ணை மூடி முழு ஜெபத்தையும் சொல்லி முடித்தாள். "ஆமென்" என்றாள். முன்னால் நின்ற போலந்துக்காரி "ஆமென்" என்றாள். பின்னாலும் நாலைந்து ஆமென் கேட்டன.

நினைவுப்பொருள் கடைகளைத் தாண்டி அவள் வாசலுக்கு வந்து சேர மத்தியானம் மூணு மணி ஆகிவிட்டது. அங்கேதான் தம்பி மகள் போனில் கூப்பிட்டாள். "அத்தே, அப்பா பொழைச்சுட்டாரு!"

தொமித்தில்லா அங்கேயே நின்று விம்மி விம்மி அழுதாள். அருங்காட்சியகம் அவள் கையில் ஒரு படிவத்தைத் திணித்தது: 'எங்கள் வளாகத்தில் இறைவனை மிக அருகில் உணர்ந்த இடம் எது?' பொய் சொல்ல மனம் வராமல் எழுதினாள்: 'பெண்கள் கழிப்பறை வரிசை. யாரும் மௌனம் வேண்டும் என்று கேட்கவில்லை; அதனால் அது இருந்தது.'

பொறுப்புள்ள நிர்வாகம். மூன்று மணி நேரம் கூடி விவாதித்து, 'ஆவன செய்தது'.

அடுத்த புதன்கிழமை, நன்றி சொல்வதற்காக மறுபடி டிக்கெட் வாங்கி அதே வரிசைக்கு வந்தாள் தொமித்தில்லா. கழிப்பறைக் கதவுக்கு மேலே புத்தம்புது ஒலிபெருக்கி. கீழே, மைக்கும் கையுமாக ஆஸ்வால்தோ. அவள் முகத்தைப் பார்க்கக் கூசி, கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்:

"மௌனம்!"

"ஏன் தம்பி," என்றாள் தொமித்தில்லா, "ஆண்டவரு இங்கே கொஞ்சம் நின்னதுகூடப் பொறுக்கலையா? அவரையும் நடந்துகிட்டே இருக்கச் சொல்லிட்டீங்களாக்கும்?"