செவப்பு லைட்டுக்கு இரட்டை விசில்

பஸ்ஸை நிறுத்த விசில் அடித்த கண்டக்டர்கள் தர்மபுரி ஜில்லாவில் ஆயிரம் பேர் இருப்பார்கள். கரண்டை நிறுத்த விசில் அடித்த கண்டக்டர் ஒருவர்தான். மூன்று வருஷம் அவருக்கு வாடகை கொடுத்தவன் என்ற முறையில் இதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

எண்பதுகளின் நடுவில் தர்மபுரி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். குடியிருந்தது ஒரு லைன் வீட்டில். ஒரே வாசல், ஒரே கிணறு, வரிசையாக ஐந்து வீடு, ஐந்துக்கும் சேர்த்து ஒரே மீட்டர். முதல் வீட்டில் ஓனர். பென்னாகரம் ரூட்டில் இருபத்தைந்து வருஷம் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக நின்று ஓய்ந்தவர். பையைத் திருப்பிக் கொடுத்தாராம், விசிலைக் கொடுக்கவில்லை. அது கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கியது. முதுகுக்குப் பின்னால் அவர் ‘விசில்’. நேரில் ‘கண்டக்டரண்ணா’.

நடையில் மீட்டர் மாட்டிய சுவருக்கு எதிரே ஒரு இரும்பு நாற்காலி. பகல் முழுக்க அதில்தான் இருப்பார். மீட்டர் கண்ணாடிக்குள் ஒரு தட்டையான சக்கரம் சுற்றும், அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு வந்து வந்து போவதை, படியில் ஏறுகிற ஆட்களை எண்ணுவது போல எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணி எண்ணி, சக்கரத்தின் நடையை வைத்தே எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று சொல்லுகிற வித்தை அவருக்குக் கைவந்துவிட்டது.

இரண்டாம் வீட்டு வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போடுவார். வெளியிலிருந்து ஒரு விசில். “சார், ஒரு சட்டைன்னு சொன்னீங்க. இப்ப பேன்ட்டுக்குப் போயிட்டீங்களே” என்று குரல் வரும். வாத்தியார் பாதிக் காலோடு நிறுத்திவிடுவார். அந்த வருஷம் பூராவும் அவர் ஒரு கால் மடிப்போடும் ஒரு கால் சுருக்கத்தோடும் பள்ளிக்கூடம் போனது எனக்குத் தெரியும். நாலாம் வீட்டு முனியப்பா பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் கமிஷன் ஏஜெண்ட். கன்னடம் பேசுகிற குடும்பம். வெந்நீர் ஹீட்டரை வாளியில் போட்டுவிட்டு, போடவே இல்லை என்று சத்தியம் செய்வார். “சக்கரம் பொய் சொல்லாது முனியப்பா, வாளிய இங்க கொண்டா, வெரல வுட்டுப் பாத்துடலாம்” என்பார் விசில்.

என் கதை இன்னும் கேவலம். ஒருநாள் பல்பை அணைக்காமல் வேலைக்குப் போய்விட்டேன். கடைக்கே வந்துவிட்டார். அரூரிலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்கள் நிறைந்திருந்த நேரம். வாசலில் நின்று ஒரே ஒரு விசில். அரூர்க்காரர்கள் கையிலிருந்த பட்டைக் கீழே போட்டார்கள். முதலாளி எழுந்து நின்றார். விசில் என்னைப் பார்த்து, “கடைசி வூட்டு பல்பு எரியுதுங்க தம்பி” என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

லைன் வீட்டுச் சட்டம் இது: பல்பு, ஃபேன் பொதுக் கணக்கு, ஐந்து வீட்டுக்கும் சமம். அதற்கு மேல் எது ஓடினாலும் ஓட்டினவர் தலையில். ஸ்லேட்டில் யூனிட் எழுதி மீட்டருக்குக் கீழே மாட்டிவிடுவார். முரண்டு பிடித்தால் அந்த வீட்டு ஃபீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பத்து நாள் முனியப்பா மெழுகுவத்தியில் சாப்பிட்டதுண்டு.

மூன்றாம் வீட்டில் ஸ்டெல்லா அக்கா. டெய்லர். கணவர் லாரியோடு போனால் மாதக்கணக்கில் வரமாட்டார், வீடு மிஷினில்தான் ஓடியது. ஒரு பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் முழுக்க அந்த வருஷம் அக்காவிடம் வந்திருந்தது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடித்துக் கொடுத்தால் வருஷா வருஷம் அவருக்கே என்று பேச்சு. ஏப்ரல் பிறந்ததும் வலது தோள் பூட்டிக்கொண்டது. கை இடுப்புக்கு மேல் எழவில்லை. தலை சீவவே பக்கத்து வீட்டு வாத்தியாரம்மா வரவேண்டியதாகிவிட்டது. துணியை எப்படி வெட்டுவது?

டாக்டர் தினமும் காலையும் மாலையும் அரை மணி நேரம் சூடு பிடிக்கச் சொன்னார். சேலத்தில் நர்ஸாக இருந்த அக்காவின் தங்கை ஒரு விளக்கைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பூசணிப் பிஞ்சு அளவு பல்பு, போட்டால் அடுப்புத் தணல் மாதிரி சிவக்கும். இன்ஃப்ரா ரெட் என்று அட்டையில் போட்டிருந்தது. இன்றைக்கு அகச்சிவப்பு என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அது செவப்பு லைட்டு.

முதல் நாள் காலை அதைப் போட்டதும் நடையில் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. “நிமிசத்துக்கு ரெண்டரை சுத்து. வாத்தியாரு பொட்டி இல்ல, முனியப்பன் வாளியும் இல்ல. யாரு புதுசா ஏறுனது?” என்று தனக்குள் பேசிக்கொண்டே ஒவ்வொரு வாசலாக வந்தார். மூன்றாம் வீட்டில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்ததும் விசிலை வாயில் வைத்தார். அக்காவின் தோளைப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். பல்பின் பின்புறம் எழுதியிருந்ததைப் படித்தார். இருநூற்றைம்பது வாட்.

“ஆறு பல்ப ஒண்ணா எரிச்ச மாதிரிங்க ஸ்டெல்லாம்மா. நாலு மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட்டு. சித்திரை வெயிலு ஓசியாக் கெடக்குதே, அதுல காட்டக் கூடாதா?”

அக்கா பயந்துபோய் மறுநாள் கிணற்றடியில் தோளை வெயிலில் காட்டி உட்கார்ந்தார். விசில் கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார். தோளை மட்டும் கொடுத்தால் வெயில் ஆளையே எடுத்துக்கொள்கிறது. பதினைந்தாவது நிமிஷம் அக்காவுக்குக் கண் இருட்டியது, இருபதாவது நிமிஷம் விசிலுக்கே இருட்டியது. இருவருக்கும் வாத்தியாரம்மா மோர் கொடுத்தார்.

சரி, எரியட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் ஒரு வாரம் ஆகியும் தோள் அசையவில்லை. ஜூன் கிட்டே வந்துகொண்டிருந்தது. வெட்டாத துணி கட்டுக் கட்டாகச் சுவரோரம் நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள், வேறு டெய்லர் இருக்கிறார் என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு மறுநாள் காலை விசில் மூன்றாம் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“டாக்டரு எவ்ளோ நேரம் சொன்னாரு?”

“அரை மணிங்கண்ணா.”

“சக்கரம் பத்து நிமிசத்துல எறங்கிடுதே.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஸ்லேட்டில் தன் பெயருக்கு நேரே யூனிட் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, கைக்குக் கொஞ்சம், கணக்குக்குக் கொஞ்சம் என்று பிரித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தையல் நின்று வரும்படியும் நின்றிருந்தது.

விசில் விளக்கைப் போட்டுவிட்டு, அதற்கு முன்னால் கையை நீட்டி இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். விளக்குக்குப் பக்கவாட்டில் சூடே இல்லை, எதிரில் நெடுக இருந்தது. “இது எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி. நேராப் போவுது, வழியில எங்கியும் நிக்க மாட்டேங்குது” என்றார். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நடையில் நின்று கத்தினார்.

“ஒரு ஆளு ஏறுனாலும் அதே டீசலு, அறுபது ஆளு ஏறுனாலும் அதே டீசலு. என் சர்வீஸ்ல காலி வண்டி ஓட்டுனது இல்ல. யாருக்கு எங்க வலிக்குதோ வாங்க.”

எனக்கு எங்கும் வலிக்கவில்லை என்றேன். எட்டு மணி நேரம் குனிந்து பில் போடுகிறவனுக்குக் கழுத்து வலிக்காமல் இருக்காது என்று அவரே முடிவு செய்து ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். வாத்தியாருக்குக் கால்மூட்டு. முனியப்பா “பேடப்பா, பேடா” என்று கன்னடத்தில் வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடினார். தக்காளிக் கூடை தூக்குகிற இடுப்பு என்று அவரைத் திருப்பி முதுகுகாட்டி நிறுத்தினார். “உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எடம் கெடக்குது பாருங்க” என்று ஆளாளாகத் தள்ளி, கடைசியில் இருந்த இடுக்கில் வாத்தியாரம்மாவின் வெங்காய வடகத் தட்டையும் ஏற்றிவிட்டார்.

சித்திரை மாதம், ஓட்டு வீடு, ஏழு மணிக்கே உடம்பு ஊற்றும் ஊர். அதில் நாங்கள் நாலு பேர் கரண்டு எரித்துச் சூடு காய்ந்தோம். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்து, ஏதோ ஜெபக்கூட்டம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்கள். மூன்றாம் நாள் வாத்தியார் தாங்காமல் மெல்ல ஃபேன் சுவிட்சைத் தட்டினார். வந்ததே ஒரு விசில். “சார், ஒரு சுத்துல சூடு வாங்கி இன்னொரு சுத்துல ஆத்துவீங்களா? இதுதான் பாடமா?” வாத்தியார் வேர்த்துக்கொண்டே அணைத்தார்.

அக்கா மட்டும் பழைய பழக்கத்தில் பத்து நிமிஷம் ஆனதும் சுவிட்சுக்கு இடது கையை நீட்டுவார். அப்போது விளக்குக்குப் பின்னால் வாசல் நிலையைப் பிடித்து நிற்கும் விசில், நாங்கள் அந்த வீட்டில் அதுவரை கேட்டிராத ஒன்றைச் செய்வார். இரண்டு தடவை ஊதுவார். “ரைட், போலாம். இன்னும் ஸ்டாப்பு வரல.” சக்கரத்தை ஓட்டுவதற்காக அவர் விசில் அடித்தது அதுதான் முதல் தடவை. அரை மணி முடிந்தால்தான் ஒற்றை விசில்.

மே மாதம் பாதியில் ஒருநாள் மாலை, ஒற்றை விசில் ஊதி நாங்கள் முக்காலிகளைத் தூக்கும்போது, அக்கா யோசனையே இல்லாமல் வலது கையைத் தூக்கிக் கொண்டை ஊசியைச் சரிசெய்தார். முதலில் பார்த்தவர் முனியப்பா. “கை” என்றார். அக்கா கையை அப்படியே தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார், கீழே இறக்கினால் போய்விடுமோ என்பது போல. அன்றைக்கே கத்திரிக்கோல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பள்ளி திறந்த அன்று எங்கள் தெரு வழியே போன அத்தனை நீலப் பாவாடையும் அந்தக் கை வெட்டியதுதான்.

மே மாதக் கடைசியில் மொத்தக் கணக்குப் போட்டு ஸ்லேட்டை மாட்டினார். அக்கா மிஷின் டிராயரிலிருந்து காசை எடுத்துக்கொண்டு தயாராக வந்து நின்றார். செவப்பு லைட்டு யூனிட்டு மொத்தமும் தன் பெயரில்தான் இருக்கும் என்று. பார்த்தால் ஐந்து பெயர், ஐந்துக்கும் சமம்.

“வண்டி பூரா டிக்கெட்ட ஒருத்தரே எடுக்கிற வழக்கம் எங்க ரூட்டுல இல்லீங்க” என்றார் விசில், மீட்டரைப் பார்த்துக்கொண்டே.

முனியப்பாகூட முனகவில்லை. இடுப்பை வேறு காட்டியாயிற்று, இல்லை என்று எப்படிச் சொல்வது? வாத்தியாரம்மா வடகத்துக்கும் சேர்த்து எழுதினீர்களா என்று கேட்டார். அது லக்கேஜ், கட்டணம் கிடையாது என்றார் விசில்.

அக்கா ஸ்லேட்டைத் திரும்பவும் படித்தார். ஐந்தாவது பெயர் ஓனருடையது.

“நீங்க ஒரு நாளும் வெளிச்சத்துல ஒக்காரவே இல்லீங்களேண்ணா. பின்னாடிதான நின்னீங்க? அங்க சூடே வராதுங்களே.”

“கண்டக்டருக்கு ஏதும்மா சீட்டு” என்றார் விசில், நாற்காலியை மீட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு.

எத்தனையோ பஸ்ஸில் ஏறி இறங்கிவிட்டேன். தானும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு கடைசி ஸ்டாப் வரை நின்றபடியே வந்த கண்டக்டரை அந்த லைன் வீட்டில்தான் பார்த்தேன்.