நூற்றுப்பத்து அண்ணாச்சியும் வெள்ளைக்காரர் விட்டுப்போன கெட்டிலும்

உலகத்திலேயே அவசரப்படத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது சவூதியின் யான்புவில் எங்கள் கேம்ப்பில் இருந்த நூற்றுப்பத்து அண்ணாச்சிதான். தீப்பிடித்தால்கூட முதலில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது போதவில்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த குவளையைத் தேடுவார். நெல்லைக்காரர், எலெக்ட்ரீஷியன். சொந்தப் பெயர் அவரை வேலைக்கு எடுத்த அரபி முதலாளி, அந்தக் கஃபீலுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது.

பெயர்க்காரணம் இதுதான். அந்த நாளில் சவூதியில் ஒரே அறையில் இரண்டு விதமான மின்சாரம் வரும். ஒரு பாயிண்டில் நூற்றுப்பத்து வோல்ட், பக்கத்துப் பாயிண்டில் இருநூற்றிருபது. ஊரில் ஒன்றையே பார்த்துப் பழகிய நாங்கள் வந்த வாரமே எதையாவது கருக்கிவிடுவோம். நான் கருக்கியது இஸ்திரிப்பெட்டி. அண்ணாச்சி மட்டும் எதையும் முதலில் நூற்றுப்பத்தில்தான் செருகுவார்.

"சின்னதுல போட்டா சாமான் தூங்கும், பெருசுல போட்டா செத்துப்போவும். தூங்குறவன எழுப்பிரலாம்லே!"

மனிதர்களிடமும் இதே வைத்தியம். என் தங்கை கல்யாணத்துக்கு எனக்கு ஒரு மாதம் லீவு வேண்டும். எனக்காகப் பேசப் போனவர், சூப்பர்வைசரிடம் முதலில் அரைநாள் கேட்டுப் பார்த்தார். அதற்கே அந்த ஆள் "மாஃபி லீவ்! கலாஸ்!", லீவும் கிடையாது, பேச்சும் கிடையாது என்று குதித்தான். "நல்லவேள, மாசக்கணக்குல கேக்கல. ஃபியூஸே போயிருக்கும்" என்றபடி திரும்பி வந்தார் அண்ணாச்சி.

எனக்கு அழுகையாக வந்தது. அப்பா இல்லாத வீடு. தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் நான். மணமேடையில் நிற்க முடியாவிட்டாலும், தாலி கட்டும் நேரத்தில் கேம்ப் முழுக்கப் பாயசமாவது கொடுத்தே தீருவேன் என்று வீம்பு பிடித்தேன்.

அறையில் அடுப்புக்கு அனுமதியில்லை. நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் விட்டுப்போன, குழாய் வைத்த பெரிய எவர்சில்வர் கெட்டில் கிடைத்தது. அதில் அவர் என்ன காய்ச்சினார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நாட்டில் கேட்கவும் கூடாது. அண்ணாச்சி மோந்து பார்த்தார். "மனுசன் சந்தோசமா இருந்திருக்கான்" என்று சொல்லிப் புளி போட்டுத் தேய்த்தார்.

சிக்கல் என்னவென்றால், உள்ளே இருந்த ஹீட்டிங் காயிலில் ஓர் எழுத்துகூட இல்லை. பிளக்கையும் யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். நூற்றுப்பத்தா, இருநூற்றிருபதா? தப்பாகப் பெரியதில் செருகினால் காயில் போச்சு, என் பாயசமும் போச்சு.

வெள்ளிக்கிழமை காலை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மீட்டரை வைத்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எத்தன வாட்டுன்னு தெரியாம மீட்டர் மட்டும் என்னத்தச் சொல்லும்?"

"பெருசுலயே போடுங்க அண்ணாச்சி, யல்லா!" என்று பறந்தான் அறைத்தோழன் முருகேசன்.

"சும்மா கெடலே! இவன் தங்கச்சி கல்யாணம் இது, ஒன் தீவாளி வெடி இல்ல."

காயில் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, புது பிளக் மாட்டி, நூற்றுப்பத்தில் செருகினார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கழித்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே விரலை விட்டார். "பச்சப்புள்ளயக் குளிப்பாட்டலாம். காயுது, ஆனா சோம்பேறியாக் காயுது. இது இருநூத்திருவதுதாம்லே!"

மாற்றிச் செருகினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது பாருங்கள், முருகேசனே விசிலடித்தான். வறுத்த சேமியா, சர்க்கரை, டின் பால் எல்லாம் அண்டாவில் தயாராக இருந்தன. வெந்நீர் விழுந்ததும் ஏலக்காய் மணம் வராந்தா வரை போயிற்று.

அம்மா போன் செய்தாள். என் இடத்தில் தாய்மாமா நின்றாராம். கெட்டிமேளம் காதில் விழுந்ததும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பாயசம் பரிமாற என்னால் முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், அண்ணாச்சி சலவைச் சட்டையில் வாசலில் நிற்கிறார். வருகிற ஒவ்வொருவரையும் கைகூப்பி, "வாங்க, வாங்க! பொண்ணு வீட்டுக்காரங்க நாங்க, சாப்பிடாமப் போகக் கூடாது!" என்று அழைக்கிறார். பாகிஸ்தானி டிரைவர் ஒருவர் சிரித்தபடி, "பாய், ஆப் கோன்?" என்று இவர் யாரென விசாரித்தார்.

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "பொண்ணுக்குப் பெரியப்பா!"

எங்கள் அப்பாவுக்கு அண்ணன் கிடையாது. ஆனால் என் தங்கைக்கு யான்புவில் ஒரு பெரியப்பா இருந்தார்.