கால்களில் சேறு படாத தொகுதி

அமைச்சர்களைக் கேள்வி கேட்டுத் திணறடித்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கேள்வி கேட்கிற சாக்கில் அமைச்சருக்கு வியர்க்காமல் விசிறிவிட்டு, பதிலையும் அவர் கையில் எடுத்துக் கொடுத்து அனுப்பியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். ஒரே ஒரு தடவைதான் செய்தேன். அதற்கே எங்கள் ஊரில் இன்னும் தலை நிமிர முடியவில்லை.

அப்போது கோவில்பட்டியில் ஒரு ஃபிளக்ஸ் போர்டு கடையில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் ஐந்து நிமிடத்தில் அடுக்குமொழி தயார். 'கருணையின் கடலே, கரிசலின் கதிரே' என்பது என் கைச்சரக்கு. எந்தத் தலைவருக்கும் பொருந்தும். கட்சி மாறினால் போர்டில் கலரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். (காது குத்தப்போகிற பிள்ளையின் பேரைக் கடைசியில்தான் கேட்பேன். சில சமயம் கேட்க மறந்தும் போவேன்.)

ஃபிளக்ஸுக்கென்று ஒரு இலக்கணம் உண்டு. முக்கால்வாசி இடம் தலைவருக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி, போர்டு வைப்பவருக்கு. யாருக்காக விசேஷமோ அந்தப் பிள்ளை கீழே வலது மூலையில் கொய்யாக்காய் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும். உலகத்தில் எதை எழுதினாலும் இந்த இலக்கணம்தான் என்று நான் நம்பியிருந்தேன். என் அழிவு அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. பத்து மாதம் அதில் வெயில் மட்டும்தான் ஓடும். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் வரும். தண்ணீரைக்கூடச் சமாளித்துவிடலாம், அது வடிந்தபிறகு இருக்கிற கரிசல் சேற்றைச் சமாளிக்க முடியாது. செருப்போடு உள்ளே போன கால் செருப்பில்லாமல் வெளியே வரும். பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு பக்கத்து வயலே ஒட்டிக்கொண்டிருக்கும். பஸ் அக்கரையில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, துக்கம் விசாரித்த கடமை முடிந்ததுபோலத் திரும்பிப் போய்விடும்.

இதில் அதிகம் பாதிக்கப்பட்டவள் என் அக்கா கோமதி. புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனி ஒன்றில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். காலையில் கம்பெனி வேன் அக்கரைக்கு வரும். ஓடையைக் கடக்க முடியாத நாளில் அவளுக்கு வேலை இல்லை. அந்த வருஷ மழைக்கு ஏகப்பட்ட லீவு விழுந்ததில் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த மழைக்கும் இப்படின்னா உன் மிஷின்ல வேற ஆளப் போட்டிருவேம்மா." அக்காவுக்கு அந்த மிஷின் உயிர். அதில் வேறு யாராவது உட்கார்ந்து எழுந்தால்கூட, ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் எம்.எல்.ஏ. கடைக்கு வந்தார். (எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள். கோவில்பட்டியைச் சுற்றி நாலைந்து தொகுதி இருக்கிறது. ஓடை இல்லாத தொகுதி எதுவும் இல்லை.) தலைவர் பிறந்தநாள் போர்டுக்குச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நான் சட்டசபைல ஒரு கேள்விகூடக் கேக்கலன்னு பேப்பர்ல போட்டுட்டான். நீதான் நல்லா எழுதுதியே, ஒரு கேள்வி எழுதிக் குடேன்."

"எதப் பத்தி அண்ணாச்சி?"

"எதப் பத்தியாவது. அமைச்சர் மனசு நோகாம இருக்கணும், அம்புட்டுதான்."

கேள்வி என்றால் யாருக்காவது மனசு நோக வேண்டாமா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நேராக அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, உன் ஓடைய நான் சட்டசபைக்குக் கொண்டு போகப் போறேன்."

அவள் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பாலம் எப்ப வரும், தேதியச் சொல்லுங்கன்னு எழுது."

"அப்படி மொட்டையா எழுதக் கூடாதுக்கா. அதுக்கு ஒரு நடை இருக்கு."

"எனக்கும் நடைதாம்ல இருக்கு. சேத்துக்குள்ள."

அவள் சொன்னது ஒரே வரி. அதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. நான் இலக்கியம் படித்தவன் அல்லவா, (அ), (ஆ), (இ) என்று பிரித்தேன். (அ) மேற்படி ஓடையில் பாலம் கட்ட அரசு முன்வருமா? (ஆ) ஆம் எனில், எப்போது? (இ) இல்லை எனில், காரணம் என்ன? மூன்று பக்கமும் அடைத்தாயிற்று, அமைச்சர் எந்தப் பக்கம் ஓடுவார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து எம்.எல்.ஏ. போன் செய்தார். "தம்பி, நம்ம கேள்வி வந்திருச்சு. நான் எந்திரிச்சு நம்பர மட்டும் சொல்லணுமாம். அமைச்சர் பதில் வாசிப்பாவ. அது பத்தலன்னா துணைக் கேள்வி ஒண்ணு கேக்கலாமாம். அதையும் எழுதிரு. முன்னாடி தலைவரப் பத்தி நாலு வரி போட்டுக்க. இல்லன்னா என்னையத் தப்பா நெனப்பாவ."

அவர் கேட்டது நாலு வரி. ஃபிளக்ஸ் கடைக்காரனிடம் நாலு வரி கேட்பது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாய் சோறு கேட்பதுபோல. ஒரு முழுத் தாள் எழுதினேன். கடலும் கதிரும் வந்தன. ஒரு கட்டத்தில் கை தானாக ஓட ஆரம்பித்து, 'எங்கள் தொகுதி மக்கள் இன்று கால்களில் சேறு படாமல் கரிசல் மண்ணைக் கடக்கிறார்கள் என்றால், அது தலைவரின் கருணை அல்லவா' என்று எழுதியது. படித்துப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. அதற்குக் கீழே வலது மூலையில், பொடி எழுத்தில், 'பாலம் எப்போது கட்டப்படும்?' என்று கொய்யாக்காய் அளவுக்குப் போட்டேன். அதுவே போதுமென்று நினைத்தேன். மழைக்காலமெல்லாம் சேற்றில் நடந்து கடைக்கு வந்து, காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதியவன் நான். (காலுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.)

கேள்வி நேரம் நேரலையில் வருமே. சும்மா இருக்க முடியுமா? மைக்செட் போடும் மாடசாமியைப் பிடித்தேன். அவனுடைய குழாய் ஸ்பீக்கர் இரண்டை வேப்பமரத்தில் கட்டி, என் போனை அதில் இணைத்தோம். பருத்திக் காட்டில் நிற்கிற பொம்பளைகளுக்கும் கேட்கவேண்டும் என்பது என் உத்தரவு. அக்கா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். பாலத்துக்காகப் போடுகிற கடைசி லீவு என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தாளாம்.

எங்கள் வினா எண் வந்தது. எம்.எல்.ஏ. எழுந்து நம்பரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"அம்புட்டுதானா?" என்றாள் பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் பெரியம்மை. "இந்த நம்பரச் சொல்லவா மெட்ராசுக்குப் போனாரு? பஸ் கண்டக்டர் இன்னும் நல்லாச் சொல்லுவானே."

"இருங்க பெரியம்மை, இனிமேத்தான் இருக்கு."

அமைச்சர் வாசித்தார். "(அ) தற்போது அரசிடம் கருத்துரு ஏதும் இல்லை. (ஆ), (இ) எழவில்லை."

மூன்று பக்கமும் அடைத்த கேள்விக்குள்ளிருந்து அந்த மனிதர் வேட்டி நுனிகூடக் கசங்காமல் வெளியே வந்துவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. இல்லை என்று சொல்லியாயிற்று. இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டால், அப்படி ஒரு கேள்வியே வரவில்லையாம். வள்ளியம்மாள் பெரியம்மைக்கு என்னைவிட ஆத்திரம். "எம்மருமக சோறு பொங்கலன்னா, ஏம்ட்டி பொங்கலன்னு நான் கேக்கத்தான் செய்வேன். அவகூட அப்படிக் கேள்வியே வரலன்னு சொன்னதில்ல."

"இப்பத்தான் துணைக் கேள்வி," என்றேன். "பாருங்க, மாட்டப் போறாவ."

எம்.எல்.ஏ. தாளை எடுத்தார். கடல் பொங்கியது. கதிர் எழுந்தது. மேசைகளைத் தட்டும் சத்தம் குழாய் வழியாகச் சோளக்கதிர் அடிப்பதுபோல ஊரெல்லாம் கேட்டது. கேட்கக் கேட்க எம்.எல்.ஏ.வுக்குக் குரல் ஏறியது. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசித்தார். "உறுப்பினர் கேள்விக்கு வரவும்" என்றார் பேரவைத் தலைவர். உறுப்பினர் கருணைக்கு வந்தார். "கேள்வி, கேள்வி" என்றார் பேரவைத் தலைவர் மறுபடியும். உறுப்பினர் சேற்றுக்கு வந்தார். கால்களில் சேறு படாமல் எங்கள் மக்கள் கரிசலைக் கடந்தார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அது அடங்கியதும் பேரவைத் தலைவர், "போதும், அமருங்கள். மாண்புமிகு அமைச்சர்" என்றார். வலது மூலை வரைக்கும் எம்.எல்.ஏ. வரவே இல்லை.

அமைச்சர் எழுந்தார். "உறுப்பினர் அவர்கள், தமது தொகுதி மக்கள் கால்களில் சேறு படாமல் நடக்கிறார்கள் என்று இந்த அவையிலே பெருமையோடு பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களே மனநிறைவோடு இருக்கும்போது, அங்கே பாலத்துக்கு அவசியம் இல்லை என்று அரசு கருதுகிறது."

மறுபடியும் சோளக்கதிர் அடித்தார்கள்.

மாடசாமி போனைப் பிடுங்கினான். குழாய் ஸ்பீக்கர் ஒரு தடவை கீச்சிட்டு ஓய்ந்தது. பருத்திக் காட்டிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "எந்த ஊருல சேறு இல்லையாம்?"

அக்கா என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "ஏலே, அந்தச் சேத்து வரிய யாரு எழுதுனது?"

"அது ஒரு ஓட்டத்துல வந்திருச்சுக்கா."

"தேதி எங்க?"

"மூலையில போட்டிருந்தேன்."

"மூலையிலயா?"

"சின்னதா."

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு ஊர் இரண்டு மாதம் காத்திருக்கிறது. நம்பர் சொல்ல ஒரு வினாடி, எழவில்லை என்று சொல்ல ஒரு வினாடி, மிச்ச நேரமெல்லாம் கைதட்டல். கேட்க வேண்டியவர் வாழ்த்துகிறார், சொல்ல வேண்டியவர் நன்றி சொல்கிறார். இதற்குக் கேள்வி நேரம் என்று பெயர் வைத்தவன் எவன் என்று டீக்கடையில் ஒரு வாரம் முழங்கினேன். எட்டாவது நாள் டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "அண்ணாச்சி, அந்த வாழ்த்து நல்லா இருந்துச்சே, யாரு எழுதுனது?" என்றார். டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

கிளம்பி எங்கே போக? கடையில் எம்.எல்.ஏ. உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் பல். "தம்பி, தலைவரே முதுகுல தட்டிக் குடுத்தாவ. அந்தச் சேறு வரிய மட்டும் பெருசாப் போட்டு ஒரு போர்டு அடி. உங்க ஊரு ஓடைக்கரையில வச்சிருவோம்."

"அங்கன வேண்டாம் அண்ணாச்சி."

"ஏம்ல, உங்க ஊருக்குப் பெருமை இல்லையா?"

நானே வடிவமைத்தேன். 'கால்களில் சேறு படாத தொகுதி.' பதினைந்தடி நீளம். ஐப்பசியில் முதல் மழைக்கு அது சாய்ந்தது. மறுநாள் விடிந்ததும் அக்கா போய்க் கயிற்றை அறுத்தாள். தலைவர் படத்தின் மேல் கால் வைக்கக் கூடாதென்று ஃபிளக்ஸைக் குப்புறப் போட்டுச் சேற்றின்மேல் விரித்து, அதில் நடந்து போய் வேனைப் பிடித்தாள். அவள் பின்னாலேயே ஊரும் நடந்தது. எங்கள் ஓடைக்கு வந்த ஒரே பாலம் அதுதான். என் எழுத்தின்மேல் ஊரே நடந்து கரையேறியது. இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் வந்த வெள்ளம் அதையும் சுருட்டிக்கொண்டு போயிற்று. அதற்கடுத்த வாரம் அக்காவின் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாள்.

அதன்பிறகு நான் மனு எழுத ஆரம்பித்தேன். வாழ்த்து கிடையாது, அடுக்குமொழி கிடையாது. எந்த அலுவலகத்துக்கு அனுப்பினாலும் ஒரே பதில்: 'மேற்படி பகுதி மக்கள் கால்களில் சேறு படாமல் கடக்கின்றனர் என மாண்புமிகு உறுப்பினர் பேரவையில் தெரிவித்துள்ளபடியால், தங்கள் கோரிக்கை ஏற்பதற்கில்லை.' எத்தனையோ ஆயிரம் வரி எழுதியிருக்கிறேன். எல்லாம் மழையில் கிழிந்து போயிற்று. இந்த ஒரு வரியை மட்டும் அரசாங்கம் பத்திரமாக வைத்திருந்து எனக்கே திருப்பித் திருப்பி அனுப்புகிறது. எம்.எல்.ஏ. முன்னாள் ஆகிவிட்டார். வரி மட்டும் இன்னும் பதவியில் இருக்கிறது.

அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடைக்கு அக்கரையில், மெயின் ரோட்டு ஓரமாக ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். கம்பெனியில் கெஞ்சி வேறொரு மிஷின் வாங்கிவிட்டாள். "இது கொஞ்சம் இழுக்குது, பழைய மிஷின் மாதிரி இல்ல" என்று இன்னும் சொல்வாள்.

போன கார்த்திகையில் அவளைப் பார்க்கப் போனேன். முழங்கால் வரை சேறு. செருப்பு ஓடையிலேயே தங்கிவிட்டது. வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி அத்தானிடம் குரல் கொடுத்தாள்: "ஏங்க, கால்ல சேறு படாத தொகுதியிலருந்து ஆளு வந்திருக்காவ. ஒரு குடம் தண்ணி கொண்டாங்க."

அத்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குடத்தோடு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும் கதை தெரிந்திருக்கிறது.

"ஏன்க்கா, இன்னும் எத்தன வருசத்துக்கு இதையே சொல்லிக்கிட்டு இருப்ப?"

குடத்தை வாங்கிக்கொண்டே சொன்னாள். "பாலம் எப்ப வரும்? தேதியச் சொல்லு. அன்னைக்கு நிறுத்துதேன்."

நான் காலை நீட்டினேன். அவள் தண்ணீரை ஊற்றினாள்.