சீரியஸ் என்று சொன்னால் நம்பாதீர்கள்

என் மாமனாரைப் போனில் மோசம் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் யாரென்று இன்றுவரை தெரியாது. இன்னொருத்தன் நான். முதல் ஆளைப் போலீஸ் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். என்னை யாரும் தேடவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி தலைவாழை இலை போட்டு உட்காரவைத்துக் கறி பரிமாறுகிறார்கள்.

மாமாவுக்கு ஊர் கன்னிவாடி. முருங்கை போட்டிருக்கிறார். மாமியார் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹால் டிக்கெட் அச்சடிக்கிறவன். (சொந்தக்காரர்கள் மத்தியில் இதற்கு 'ஐ.டி.யில இருக்காரு' என்று பெயர். நானும் திருத்தியதில்லை.)

ஒருநாள் மாமாவுக்கு ஒரு போன். பேங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு இன்றோடு முடிகிறது, போனில் வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்றிருக்கிறான். இவரும் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். முருங்கை விற்ற காசு மொத்தமும் போயிற்று. "கண்ணாடி இல்லாமப் படிச்சிருந்தா தப்பாச் சொல்லித் தொலைச்சிருப்பேன் மாப்ள" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் யாருக்காவது தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமையே கன்னிவாடிக்குப் போய் மாமாவை எதிரே உட்காரவைத்து வகுப்பெடுத்தேன்.

"மூணே அடையாளம் மாமா. தெரியாத நம்பரா இருக்கும். அவசரப்படுத்துவான், ஆனா என்ன ஏதுன்னு விவரம் சொல்ல மாட்டான். கடைசியில சுத்தி வளைச்சுக் காசுல வந்து நிப்பான். மூணும் சேர்ந்துச்சுன்னா களவாணிப் பய. நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வச்சிருங்க."

அந்த நாலு கேள்வியையும் நானே எழுதிக் கொடுத்தேன். (இங்கே அச்சில் போட முடியாது.) மாட்டைக்கூட மரியாதையாகப் பேசி ஓட்டுகிற மனுஷன் அவர். முதலில் கூச்சப்பட்டார். ஆனால் எங்கள் பக்கம் மாமனார்கள் மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சுப் பேச மாட்டார்கள். உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். பரீட்சை வைக்க வேண்டாமா? என் ஆபீஸ் நண்பனை விட்டு வேறு நம்பரிலிருந்து பேசச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகாமல் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"எங்கப்பாவக் கெட்ட வார்த்தை பேச வச்ச மொத ஆளு நீங்கதேன்" என்றாள் என் மனைவி செல்வி. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் இருக்கும். காலை பதினொரு மணிக்கு ஆபீஸுக்கு மாமாவிடமிருந்து போன். குரல் இறங்கியிருந்தது.

"மாப்ள, ஒருத்தன் பேசுனான். சேவுகம்பட்டிலருந்து பேசுறானாம். அக்காவுக்கு சீரியஸா இருக்காம். ஒடனே கெளம்பி வரச் சொல்றான்."

அக்கா என்றால் வேலம்மாள். அவருடைய ஒரே உடன்பிறப்பு.

"தெரிஞ்ச நம்பரா மாமா?"

"இல்ல, புதுசா இருக்கு."

"என்ன சீரியஸ்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். நேர்ல வாங்க பேசிக்கிறலாம்ங்கிறான். வாரப்ப கையில கொஞ்சம் காசோட வாங்கன்னான்."

மூன்றுக்கு மூன்று! நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"மாமா, அசல் களவாணி! திட்டுனீங்களா?"

"இல்ல மாப்ள. அக்கா பேரச் சொன்னாம்ல. அதேன் ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்னு…"

"பேரெல்லாம் இப்ப காசுக்கு விக்கிறாங்க மாமா."

"அக்கா நம்பருக்குப் போட்டேன். அடிக்கிது, எடுக்க மாட்டேங்குது. வெரசாப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துறட்டுமா? பஸ்ஸு இருக்கு."

"எங்கயும் நகராதீங்க. உங்களக் கெளப்பி விட்டுட்டு வீட்ட ஒடைப்பாங்க. மறுபடி கூப்பிட்டா நல்லாக் குடுங்க."

"சரி மாப்ள" என்றார்.

மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். நல்லாக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் சாவை யாரும் போனில் சாவு என்று சொல்வதில்லை. தூரத்திலிருந்து வருகிறவர் வழியில் உடைந்துபோவார், பஸ்ஸில் மயங்கி விழுவார் என்று 'சீரியஸ், கெளம்பி வாங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சாவு வீட்டுக்காரர்களும் போனைத் தொட மாட்டார்கள். பக்கத்து வீட்டில் விவரமானவர் ஒருத்தர் நோட்டை வைத்துக்கொண்டு, தன் போனிலிருந்து வரிசையாகச் சொல்லுவார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் அப்பா இறந்தபோது எனக்கும் சீரியஸ் என்றுதானே சொன்னார்கள்! படுபாவி, அன்றைக்கு அது ஒன்றுதான் என் மண்டையில் இல்லை.

அதோடு ஒழிந்ததா? அக்காவுக்கும் தம்பிக்கும் மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு காதுகுத்தில் முறையாக அழைக்கவில்லை என்று வந்த சண்டை. அந்த வருடத் தைப் பொங்கலுக்குத்தான் ராசியானார்கள். பிறந்த வீட்டிலிருந்து தம்பி கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்தாமல் அக்காவை எடுக்க மாட்டார்கள். அந்தப் புடவைக்குத்தான் கையில் காசு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மாமா பேசிய பேச்சைக் கேட்டு, ஆங்காரம் இன்னும் அடங்கவில்லை போல என்று நினைத்துவிட்டார்கள். இருந்தும் நாலு மணிவரை பார்த்திருக்கிறார்கள். அதற்குமேல் முடியாமல், ஒரு பங்காளி வீட்டுப் புடவையைப் போர்த்தித் தூக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் கன்னிவாடி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் போன மாமாவை, அந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்து இறங்கிய உள்ளூர்க்காரர் ஒருத்தர் பிடித்துக்கொண்டார். "ஏண்ணே, கூடப் பொறந்த அக்கா சாவுக்குக்கூட வராம அம்புட்டு என்னண்ணே வீம்பு?"

அங்கே நின்றபடியே எனக்குப் போன் செய்தார். "மாப்ள, நெசந்தேனாம்" என்றார். வைத்துவிட்டார்.

நாங்கள் மூன்று பேரும் சேவுகம்பட்டி போய்ச் சேர்ந்தபோது பந்தலைக்கூடப் பிரித்துவிட்டார்கள். அக்கா மகன் முருகேசன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. "ராத்திரி முடியாமப் போனதுலருந்து கடைசி வரைக்கும் அம்மா, தம்பி வந்துருவான், தம்பி வந்துருவான்னுதேன் மாமா சொல்லிக்கிட்டு இருந்துச்சு" என்றான்.

மாப்பிள்ளை போக வேண்டாமென்றார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமா சொல்லவில்லை. "புத்தி கெட்டுப் போச்சுப்பா, என் தப்புத்தேன்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவருக்குப் பின்னால் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஸ்பீக்கர் போட்டுப் பேசிய அதே வாய்தான்.

பதினாறாம் நாள் கருமாதியில், பந்தி நடுவே, செல்வி எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "எங்கப்பா வாரேன்னுதேன் சொன்னாரு. இந்த மனுசந்தேன் விடல." அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன், வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மொத்தப் பந்தியும் என்னைப் பார்த்தது. பிறகு யாரோ, "மாப்பிள்ளை எலையில வடை இல்ல பாரு" என்றார்கள். மாப்பிள்ளையைத் திட்டுகிற வழக்கம் எங்களில் கிடையாது.

திட்டுவதில்லையே தவிர, சிரிக்கத் தடையில்லை. எங்கள் சொந்தத்தில் இப்போது கன்னிவாடி வீட்டுக்கு மட்டும் சாவுச் செய்தியைப் பச்சையாகச் சொல்கிறார்கள். போன ஆவணியில் நாங்கள் அங்கே இருந்தபோதே ஒரு போன் வந்தது. "பெரியப்பா, எங்க மாமியா செத்துப் போச்சு. சீரியஸ் இல்ல, செத்தே போச்சு. வேணும்னா ஒங்க மாப்பிள்ளைய விட்டு வெசாரிச்சுக்கங்க." வீடே விழுந்து விழுந்து சிரித்தது. செல்வியும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

மாமா சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாசல்வரை போனவர், செருப்பில் கால் நுழைக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"போயிட்டு வரட்டுமா மாப்ள?"

அதில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று அவர் முகத்தையே பார்த்தேன். துளிகூட இல்லை.