கையுறை போட்ட புனிதர்

எட்மண்டன், வட லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகவில்லை.

மதிப்பிற்குரிய அத்தான் கிறிஸ்துநாயகம் அவர்களுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். இத்தனை ஆண்டுகளாக உங்களோடு நான் கதைக்காமல் இருந்ததை நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. கவனிக்கவில்லையென்றால் அதுவும் என் குறைகளில் ஒன்றாகச் சேரும். நானும் என் சீனி வருத்தமும் சுகம். ஸ்ட்ரெதத்தில் நீங்களும் அக்காவும் சுகமாகவே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் அறுபதாவது பிறந்தநாளில் நீங்கள் மறுபடி மறுபடி கொத்துரொட்டி போட்டுக்கொண்டதை நேரில் பார்த்த பிறகு அதைப் பற்றி விசாரிப்பது வெறும் சம்பிரதாயம்.

வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். கப்பலில் வேலை செய்த என் சித்தப்பா அமெரிக்கத் துறைமுகங்களில் சுவிங்கத்தோடு வாங்கி அனுப்பிய பேஸ்போல் அட்டைகள். பேஸ்போல் என்ற சொல்லையே அப்போது நாங்கள் கேட்டதில்லை. கையில் பொல்லும் பக்கத்தில் பந்தும் இருந்தபடியால், நம் பள்ளிக்கூடத்து எல்லே விளையாட்டை அமெரிக்காவிலும் விளையாடுகிறார்கள் என்று பெருமைப்பட்டோம். லண்டனுக்கு வந்தபோது என் பெட்டியில் உடுப்பைவிட அவையே அதிகம். ஹீத்ரோவில் அதிகாரி தகரப்பெட்டியைத் திறந்து "இவர்கள் யார்?" என்று கேட்க, மொழிபெயர்க்க வந்தவர் என்னைக் கேளாமலே "உறவினர்கள்" என்று சொல்லிவிட, அத்தனை வெள்ளைக்காரரும் எனக்கு எந்த வழியில் சொந்தம் என்று விளக்குவதிலேயே ஒரு பின்னேரம் போயிற்று. அந்த அட்டைகளின் அழகை உங்களுக்குச் சொல்ல அன்றே முயன்றேன். நீங்கள் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தீர்கள். இப்போது பிடிக்க ஏலாது, கையில் இருப்பது என் கடிதம். கேளுங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் இரு நிறச் சட்டம், மேலே ஒன்று, கீழே ஒன்று. மஞ்சளுக்குச் சிவப்பு, பச்சைக்கு ஊதா, எந்தச் சேலைக்கடைக்காரனும் துணியாத சேர்க்கை. உச்சியில் அணியின் பெயர், நிழல் விழுந்த தடித்த எழுத்தில். வீரரின் நெஞ்சுக்குக் குறுக்கே அவருடைய கையெழுத்தை அப்படியே அச்சிட்டிருப்பார்கள். கீழ்மூலையில் குட்டியாக ஒரு பந்து. பின்பக்கம் சாம்பல் நிற மட்டையில் ஆண்டுவாரியாக எண்கள், பக்கத்தில் ஒரு கேலிச்சித்திரம். எல்லாவற்றையும்விட அந்த மணம்! சுவிங்கத்தின் மாப்பொடி ஒட்டிய, இனிப்பும் தூசியும் கலந்த மணம். உங்கள் வீட்டில் பொய்லருக்குப் பக்கத்தில் எனக்குக் கிடைத்த அறையில், அந்தப் பெட்டியை முகர்ந்துவிட்டுத்தான் நான் படுப்பேன்.

பிறகு நடந்ததை நான் மறக்கவில்லை. விருந்தாளிகளுக்கு முன்னால் "எங்கட புரொபசர் படம் சேர்க்கிறார், பால்பல்லு இன்னும் விழேல்லை" என்றீர்கள். சபை சிரித்தது. நான் அன்றே புறப்பட்டு எட்மண்டனுக்கு வந்தேன். கோபத்தில் பெட்டியை மறந்துவிட்டேன். ஆளனுப்பிக் கேட்டபோது பெட்டி வந்தது. திறந்தேன். அத்தனை அட்டையும் லமினேற்! நீங்கள் அப்போது போட்டோகொப்பிக் கடையில் வேலை. ஒரு கடதாசி இல்லாமல் வாழ்க்கையே நின்றுபோன நம் சனத்துக்கு அந்த இயந்திரம் ஒரு தெய்வம் என்பது எனக்கும் விளங்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை லமினேற் செய்வோம், ஞானஸ்நானச் சான்றிதழைச் செய்வோம், பஸ் நேர அட்டவணையைக்கூடச் செய்வோம். ஆனால் ஓர் அட்டையின் மணத்தைப் பிளாஸ்டிக்குக்குள் அடைக்கலாமா, அத்தான்? அதையும் பொறுத்திருப்பேன். ஒன்று குறைந்தது. என் உயிரான அட்டை: ஏஞ்சல்ஸ் அணியின் தாடிக்காரர். அன்றிலிருந்து நீங்கள் எனக்குக் கள்ளன். அதை நான் என் மனதுக்குள் மட்டும் வைத்திருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இனிப் பிறந்தநாளுக்கு வருவோம். அக்கா அழுது கூப்பிட்டதால் வந்தேன். உங்களைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்தேன். சுவரில் பீடம், பீடத்தில் மாதா, மாதாவுக்குப் பக்கத்தில் மின்சார மெழுகுதிரி, அதன் வெளிச்சத்தில், லமினேற் மினுங்க, என் தாடிக்காரர்!

"அக்கா, இது ஆர்?" என்றேன்.

"தெரியாத மாதிரிக் கேக்கிறாய். புனித யூதா ததேயுதானேடா?"

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்ல வேணும்? தாடியைப் பார். மேல பரலோகத்தைப் பாத்துக்கொண்டல்லோ நிக்கிறார். ஏழையளுக்குக் குடுக்கக் கையில பாண் வைச்சிருக்கிறார்."

அவர் பார்த்தது மேலேயிருந்து விழும் பந்தை. கையில் இருந்தது பாண் அல்ல, தோல் கையுறை. ஆனால் அக்காவையும் குறைசொல்ல முடியாது. உச்சியில் தடித்த எழுத்தில் ஏஞ்சல்ஸ். தொப்பியில் பெரிய A, அந்த எழுத்தின் தலையில் ஓர் ஒளிவட்டம். அந்த வடிவமைப்பாளன் ஸ்ட்ரெதத்துக் கத்தோலிக்கரை மனதில் வைத்து வரைந்தானோ என்னவோ.

"பின்னால முழுக்க நம்பர் கிடக்கு," என்றேன் கடைசி முயற்சியாக.

"அது வேதாகம அதிகாரம், வசனம். கண்ணாடி போட்டும் எனக்கு வாசிக்க ஏலாமக் கிடக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன்ர விளையாட்டுக்காரர் படங்களுக்குள்ள கலந்து கிடந்தவரடா. கோயில் பக்கம் போகாதவன், களவாக இவரை வைச்சுக் கும்பிட்டிருக்கிறான் எண்டு எனக்கு அழுகையே வந்திட்டுது. இவரை இதில வைச்ச கிழமைதான் உனக்கு இஞ்ச நிரந்தரமா இருக்க விசா வந்தது. நெஞ்சு அடைச்சு நீ ஆஸ்பத்திரியில கிடக்கேக்கையும் இவரிட்டத்தான் மண்டாடினனான்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா அதற்குள் ஒரு கட்லட்டை வைத்தாள்.

மென்றபடி உங்களைத் தேடிக் குசினிக்கு வந்தேன். நீங்கள் இறைச்சிக் கறியைக் கிளறிக்கொண்டு நின்றீர்கள். நாம் பேசியதை நீங்கள் மறந்திருக்கக்கூடும். நான் எதையும் மறப்பவனல்ல என்பதால் எழுதிவைக்கிறேன்.

"அத்தான், அது பேஸ்போல்காரன்."

"ஓம், தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"முதல் நாளே தெரியும். லமினேற் பண்ணினது நானெல்லோ."

"அப்ப ஏன் சொல்லேல்லை? நான் உங்களைக் கள்ளன் எண்டு லண்டன் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான்."

"திரிஞ்சீர்தான். கலியாண வீடு வழிய ஆக்கள் வந்து சொன்னவை. நல்லாச் சொல்லியிருக்கிறீர்." உப்புப் பார்த்தீர்கள். "உமக்காகக் கும்பிட அவளுக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கு, தம்பி. நான் போய் அவர் பந்து பிடிக்கிறவர் எண்டு சொல்லவே? கள்ளன் எண்ட பேர் எனக்கொரு பாரமில்லை. இந்தாரும், அடிப்பிடிக்குது, கிளறும்."

நான் கிளறினேன். எட்மண்டனுக்குத் திரும்பும் வழி முழுவதும் என் சட்டையில் உங்கள் கறி மணந்தது.

அத்தான், ஒரு மனக்குறையை இவ்வளவு காலம் பிள்ளைபோல் வளர்த்தவனுக்கு அது ஒரு நிமிடத்தில் செத்துப்போனால் எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? யோசிக்கமாட்டீர்கள், உங்கள் சுபாவம் அது. நான் வாய் ஓயாமல் உங்களைத் திட்டிய காலமெல்லாம் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. ஆகவே நன்றி. இந்தச் சொல்லின் எழுத்துகளைக் கணினியில் தேடிப்பிடிக்கக் கனநேரம் எடுத்தது. இதற்கு முன் உங்கள் விடயத்தில் அவை எனக்குத் தேவைப்பட்டதில்லை. அக்கா என்னை நம்பியதற்கும் நன்றி. அந்தப் பொய்லர் அறை சூடாக இருந்தது என்பதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நன்றி வேறு, அட்டை வேறு. மோர்டனில் ஒரு கடையில் யூதா ததேயுவின் உண்மையான படம் இருக்கிறது, அவருக்கும் தாடி உண்டு. அதை அளவாக வெட்டி, உங்களுக்குப் பிரியமான முறையில் லமினேற் செய்து, அக்கா கடைக்குப் போன நேரம் மாற்றிவைத்துவிட்டு, என்னுடையதை எனக்கு அனுப்பிவையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆண்டவர் உங்கள் முழங்காலுக்குப் பலத்தையும், அக்காவுக்கு நீண்ட ஆயுளையும், அவளுடைய கண்ணாடியை இப்போதைக்கு மாற்ற வேண்டாமென்று கண் வைத்தியருக்கு நல்ல புத்தியையும் அருள்வாராக.

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். வருகிற வியாழக்கிழமை என் நெஞ்சைத் திறக்கப்போகிறார்களாம். ஆகவே தயவுசெய்து படத்தை மாற்ற வேண்டாம். மோர்டன்காரர் எவ்வளவு உண்மையானவராக இருந்தாலும் எனக்குப் புதியவர். இவருக்கு என் நெஞ்சின் வரலாறு தெரியும். வியாழன் காலை அவருக்கு முன்னால் ஒரு நிஜ மெழுகுதிரி ஏற்றும்படி அக்காவிடம் சொல்லுங்கள். யார் கேட்டது என்றும் சொல்லலாம். மற்றதைச் சொல்ல வேண்டாம். இதை வட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருப்பேன், ஆனால் உங்கள் போன் அவள் கையில்தான் இருக்கிறது. தபாலும் முதலில் அவளிடம்தான் போகும். ஆனால் எந்தக் கடிதம் வந்தாலும் அக்கா கடைசிப் பக்கத்தைப் புரட்டி ஒப்பத்தைத்தான் முதலில் தேடுவாள். ஒப்பம் இல்லையென்றால் மொட்டைக் கடிதம் என்று ஒரு வரியும் வாசிக்காமல் உங்கள் மடியில் எறிந்துவிட்டுக் கை கழுவப் போவாள். ஆகவே என் பெயரைப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.