கவுன்சிலரை எதிர்த்து நிற்பவர்

தேர்தலில் நிற்கிற ஆள் வேறு, எதிர்த்து நிற்கிற ஆள் வேறு. முதல் வகையை உங்களுக்கு நன்றாகவே தெரியும். அவருக்குப் பதவி வேண்டும், அதற்காக நிற்கிறார். கிடைத்தால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார், கிடைக்காவிட்டால் உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொள்வார். பாவம், சிக்கல் இல்லாத பிறவி. நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையை. இவருக்குப் பதவி மேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது. அதில் ஏற்கெனவே ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

வார்டுக்கு ஒருவர் இப்படி இருப்பார். எங்கள் வார்டில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர், அந்தப் பார்வையில் தன்னை மட்டும் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை என்ற வருத்தம் உள்ளவர். சட்டைப்பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. நீலம் எழுத, சிவப்பு அடிக்கோடு போட. எதற்கு என்கிறீர்களா? மனுவுக்கு. பதினோரு வருஷமாக மனு எழுதுகிறார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, மதிப்பிற்குரிய ஐயா, இப்படிக்கு. இந்த ஆறும் இல்லாமல் அவருக்கு ஒரு விஷயத்தை யோசிக்கவே வராது. ஒருநாள் சாப்பாட்டில் உப்பு குறைந்ததற்கு அவர் வீட்டம்மாவுக்கே எழுதி வைத்துவிட்டாராம். 'பொருள்' என்ற இடத்தில் உப்பு, 'பார்வை' என்ற இடத்தில் நேற்றைய மதியச் சாப்பாடு. அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு அடுத்த நாள் சமைக்கவே இல்லை என்று கேள்வி.

இவர் எதிர்த்து நின்றது மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்த கவுன்சிலரை. அவருக்கு 'ஆகட்டும்' என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ இருக்கும், யாருக்கும் ஞாபகமில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஆகட்டும். தண்ணீர் நிற்காமல் வருகிறது என்றாலும் ஆகட்டும். எங்கள் தெருவில் ஒருத்தர் ஓடிப்போய், மாமனார் இன்று காலை தவறிவிட்டார் என்று சொன்னபோதும், முகத்தை மிகவும் இறக்கி வைத்துக்கொண்டு, "ஆகட்டும், பாத்துக்கலாம்" என்றார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் நல்லதோ கெட்டதோ எதையாவது செய்திருந்தால்தானே?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவர். வாசலையொட்டி ஒரு சாக்கடை. மழை வந்தால் அது தெருவில் ஓடாது, நேராக முன்னறைக்கு வந்து கணுக்கால் உயரத்துக்கு நின்றுகொள்ளும். போன மழையில் ஒரு கல்யாணப் பெண்ணின் துணி அதில் விழுந்து, அக்கா அதை ஏழு தண்ணீரில் அலசியும் நாற்றம் போகாமல், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய் அழுதார். அதற்குப் பிறகு பாதி வாடிக்கை வேறு பக்கம் போய்விட்டது. இன்னொரு மழை உள்ளே வந்தால் மெஷினை விற்றுவிட வேண்டியதுதான் என்று அக்கா சொல்லிவிட்டார். சாக்கடைக்காகக் கண்ணாடிக்கடைக்காரர் கொடுத்த மனு நாற்பத்து மூன்று. கிடைத்தது நாற்பத்து மூன்று ஆகட்டும். அதனால்தான் மனுஷன் தேர்தலில் குதித்தார். அவர் கோபம் நியாயமான கோபம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

ஆனால் வேட்பாளர் ஆன அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார் பாருங்கள். சாக்கடைக்கு இனிமேல் மனு கிடையாது. அதுதான் நம்முடைய பலம், அதைக் காட்டித்தான் ஓட்டு கேட்கப் போகிறோம், அது இப்போது சரியாகிவிட்டால் நாம் எதைப் பேசுவது என்றார்.

"ஏங்க, தேர்தலுக்கு முன்னாடியே மழை வந்துடுச்சுன்னா?" என்று அக்கா கேட்டார்.

"வரட்டுமே. நாலு பேர் பாப்பாங்கல்ல?"

அக்கா மெஷினின் சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

பிரசாரம் தொடங்கியது. அவருக்குப் பூட்டுச் சின்னம் கொடுத்தார்கள். அந்தப் பூட்டுப் படத்தில் சாவித் துவாரம் இல்லை என்று தேர்தல் அதிகாரிக்கு மனு கொடுத்ததில் முதல் நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாளிலிருந்து வீடு வீடாகப் போனோம். போனோம் என்றால், நோட்டீஸ் கட்டைச் சுமந்தது நான். மற்ற வேட்பாளர்கள் வாசலில் நின்று கும்பிடுவார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். இவர் உள்ளே போய் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, "குறை என்ன?" என்று கேட்பார். ஒரு வீட்டில் எங்களுக்குக் குறையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விடுவாரா? முக்கால் மணி நேரம் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்கத் தெருவிளக்கு அவர்கள் குளியலறை ஜன்னலைப் பார்த்து எரிகிறது என்று கண்டுபிடித்தார். அதுவரை நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருந்த குடும்பம்!

இதிலெல்லாம் தப்பில்லை. தப்பு மூன்று மணிக்கு நடந்தது. தினமும் மூன்று மணி ஆனால், அன்று சேர்ந்த குறைகளையெல்லாம் தெருவாரியாகப் பிரித்து, எண் போட்டு, சிவப்பில் அடிக்கோடிட்டு, எந்தக் கம்பம் எந்தக் குழாய் என்று படமும் வரைந்து, எடுத்துக்கொண்டு போய்க் கவுன்சிலர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வருவார். யாரை எதிர்த்து நிற்கிறாரோ அதே கவுன்சிலர் அலுவலகத்தில்! எனக்குத் தலை சுற்றியது. ஜெயித்த பிறகு நீங்களே செய்து பேர் வாங்கலாமே, எதற்கு அந்த ஆளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"குடுக்காம விட்டா, 'என்கிட்ட யாருமே சொல்லலையே'ன்னு அவர் தப்பிச்சுடுவார்" என்றார். "முத்திரை இருக்குல்ல, இனி தப்பிக்க முடியாது."

அவர் தப்பிக்கவில்லைதான். பதினைந்து வருஷமாக வார்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியாமல் இருந்த மனுஷனுக்கு, எந்தச் சந்தில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று படம் போட்டு ஒருத்தர் தினமும் கொண்டுவந்து கொடுத்தால் கசக்குமா? தேர்தல் வேறு கழுத்துக்கு வந்துவிட்டது. அவருடைய எழுத்தர் அந்தக் காகிதங்களை அப்படியே நகல் எடுத்துப் பொறியாளருக்கு அனுப்பினார். தெருவிளக்கு எரிந்தது. குப்பை வண்டி வந்தது. பத்து வருஷமாக ஆடிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துச் சுவர் நின்றது. கவுன்சிலர் மேடையேறி, யாரும் சொல்லாமலே மக்களின் குறையை அறிகிறவன் நான் என்றார். அவரே அதை நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். நம்மவர் என்ன செய்தார்? வேலை முடிந்த இடத்துக்கெல்லாம் அளவு நாடாவோடு போய், புதுக் கம்பம் அரை விரல் சாய்ந்திருக்கிறது என்று இன்னொரு மனு கொடுத்தார். அதையும் நிமிர்த்தினார்கள்.

வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மழை வந்தது. நானும் அவரும் நனைந்துகொண்டு அவர் வீட்டுக்கு ஓடினோம். முன்னறையில் கறுப்பாகத் தண்ணீர். அக்கா ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, துணி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நான் பதறிக்கொண்டு இறங்கினேன். அவர் வாசலிலேயே நின்று ஃபோனை எடுத்தார்.

"அப்படியே இரு, இரு. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. பிரமாதமா வருது."

எனக்கு ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது. அக்கா மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கி, தண்ணீரில் நடந்து உள்ளே போனார்.

நாலாம் நாள் நாங்கள் பிரசாரம் முடிந்து வரும்போது வீட்டு வாசலில் ஆறு பேர் கடப்பாரையோடு சாக்கடையை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். புது மூடிக் கல் அடுக்கியிருந்தது. இவர் ஆடிப்போய், யார் கொடுத்த மனு என்று மேஸ்திரியிடம் பாய்ந்தார். மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்து நீட்டினார். அனுப்புநர் என்ற இடத்தில் அக்காவின் கையெழுத்து. பொருள், பார்வை, எல்லாம் ஒழுங்காக இருந்தது. இவர் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அடிக்கோடு போட ஒரு இடம்கூட அகப்படவில்லை. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

தேர்தலில் தோற்றார். கொஞ்ச நஞ்சமில்லை, நன்றாகவே தோற்றார். நான் யாருக்குப் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள். என் வீட்டுக் குழாயில் அன்றைக்குக் காலையில் தண்ணீர் வந்தது.

மறுநாள் தெருவே திரண்டு அவர் வீட்டுக்கு வந்தது. சலவைக்கடைக்காரர்தான் பேசினார். அடுத்த தேர்தலிலும் நீங்கள்தான் நிற்க வேண்டும், உங்களை விட்டால் எங்களுக்கு யாருமில்லை என்றார். கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ ஓட்டு போடுவீங்களா?"

கூட்டம் தரையைப் பார்த்தது. சலவைக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அதெப்படி சார்? நீங்க ஜெயிச்சுட்டா, அப்புறம் நமக்கு யாரு எழுதிக் குடுக்கறது? நீங்க நிக்கணும். அவரு ஜெயிக்கணும். அப்பதான் சார் வேலை நடக்கும்."

உள்ளே மெஷின் நின்றது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரிந்தது. இவர் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. துரத்திவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாயால சொன்னா எப்படி? எழுத்து மூலமா குடுங்க."

கொடுத்தார்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர் கையெழுத்து. அவர் ஒவ்வொன்றையும் சரிபார்த்து, பெற்றுக்கொண்டதாகத் தேதி போட்டுக் கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள், சரி. சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, மேடையில் யார் இருந்தாலும் குறை சொல்லக் கையைத் தூக்குகிறவர் யார்? அலுவலகத்தில் புது மேலாளர் வந்த மறுநாளே, பழையவர் எவ்வளவோ தேவலாம் என்று ஆரம்பிக்கிறவர் யார்? நான் உங்களைச் சொல்லவில்லை. ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து இதில் ஏழெட்டுக் குறை உங்கள் கண்ணில் பட்டிருக்கும், எனக்கு எழுதிப்போட வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டிருக்கும். நிதானமாக எழுதலாம். உங்கள் வீட்டில் யாரோ ரொம்ப நேரமாக உங்களைக் கூப்பிடுகிறார்கள், முதலில் எழுந்துபோய் என்னவென்று கேளுங்கள்.