எல்லர்காம்ப் காது

"சிவப்பா, நீலமா?" என்று கேட்டார் ஏவால்ட். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிவப்புக் குண்டூசி ஒன்றை எடுத்து ஹென்னிங்கின் உள்ளங்கையில் வைத்தார்.

"இல்ல, நான் வந்து..."

"சிவப்பு, எல்லர்காம்ப்ங்கிற பேரோட பொறந்தவங்க. நீலம், கட்டிக்கிட்டு வந்த பொம்பளைங்க. நீ எந்த ஊரு?"

"கீல்."

ஏவால்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "கீல்னா வடக்குக் கிளையாச்சே. கடிதத்துக்குப் பதிலே வரலியே, அது அத்துப்போச்சுன்னுல்ல எழுதி வச்சிருக்கேன்."

அற்றுப்போனது உண்மைதான். போன மார்ச்சில். ஆனால் அதை வரிசையில் நின்றுகொண்டு சொல்ல வாய் வரவில்லை. பின்னால் நின்றவர்களுக்குக் கையில் பை, மனதில் காபி.

ஏவால்ட் ஊசியை அவன் கையிலிருந்து திரும்பப் பிடுங்கி, ஏணியில் ஒரு படி ஏறி, தானே கீல் மேல் குத்தினார்.

தானியக் கொட்டகையின் ஒரு சுவர் முழுக்க ஜெர்மனி வரைபடம். ஏவால்ட் ஹானோவரில் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து தன் குடும்பப் பெயரை அளக்க ஆரம்பித்துவிட்டார். தொலைபேசிப் புத்தகங்களில் இருந்த அத்தனை எல்லர்காம்ப்களுக்கும் கடிதம் போட்டு, அந்தப் பெயர் முளைத்த பண்ணைக்கே வரவழைத்திருந்தார். மூன்ஸ்டர் பக்கத்தில், சோளக் காட்டுக்கு நடுவில் இருந்தது பண்ணை. வரைபடத்தில் அந்த இடத்தில் ஊசிகள் ஜாம் மேல் ஈ மொய்த்த மாதிரி இருந்தன. நிலம் கிடைக்காத இளைய மகன்கள் நிலக்கரி வெட்டப் போன டோர்ட்முண்ட் பக்கம் ஒரு கொத்து. கப்பல் ஏறப் போய், ஏறாமல் நின்றுவிட்டவர்களின் பிரேமனில் சில. உச்சியில், கடலோரமாக, கீலில் ஒன்றே ஒன்று.

ஹென்னிங் பிறப்பால் மையர். பள்ளியில் அவன் வகுப்பில் மூன்று மையர்கள். கல்யாணத்தின்போது அல்முட் சொன்னாள்: "உங்க பேர் நீ இல்லாட்டியும் பொழைச்சுக்கும். எங்க பேருக்கு நானும் அப்பாவும்தான் மிச்சம்." அவன் அவள் பெயரை எடுத்துக்கொண்டான். பிறகு அவள் அப்பா போனார். பிறகு அவள்.

அக்கா ஃப்ரௌகே திங்கட்கிழமை காலைக்குப் பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கி வைத்திருந்தாள். ஒரு கையெழுத்து, மறுபடி மையர். "அது அவங்க வீட்டுப் பேருடா. இனிமே உனக்கு எதுக்கு?" என்றாள். அந்த வாரம்தான் ஏவால்டின் கடிதம் வந்தது. இரவல் குடையை உரியவர் வீட்டில் கொடுத்துவிட்டு வருவதுபோல், பெயரை அது வந்த இடத்தில் ஒப்படைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தான். இரண்டு வார்த்தை சொல்லி, ஒரு துண்டு கேக் தின்று, ரயில் ஏறுவதாகத் திட்டம்.

"நீங்க ஒரு நிமிஷம் தனியா..." என்று ஏவால்டின் சட்டைக் கையைப் பிடித்தான்.

"இங்க நீங்க, வாங்க எல்லாம் கிடையாது. ஒரே ரத்தம். நீ, வா, போதான்."

"சரி. நீ ஒரு நிமிஷம் தனியா வர்றியா?"

"அப்புறம் வர்றேன். குட்ரூன், இங்க வா, யாரு வந்திருக்கான்னு பாரு. கீல்."

குட்ரூன் பிரேமனில் மருந்துக்கடை வைத்திருப்பவள். அறுபது வயதிருக்கும். அவன் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"ஏவால்ட், காதைப் பாரு. மடல் ஒட்டாம தொங்குது. எங்கப்பா காது, அச்சு அசல்."

"எல்லாருக்கும் காது இப்படித்தானே இருக்கும்" என்றான் ஹென்னிங்.

"எல்லாருக்குமா? ஊடோ, உன் காதைக் கொண்டா."

டோர்ட்முண்டில் பஸ் ஓட்டும் ஊடோ தன் காதைக் கொண்டுவந்தான். இரண்டு காதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"இவனுது உன்னுதைவிட சுத்தமான காது" என்றாள் குட்ரூன்.

ஊடோவுக்கு முகம் சுருங்கியது. "எனக்குச் சின்ன வயசுல பந்து பட்டுடுச்சு."

"இது எங்கம்மா காது" என்றான் ஹென்னிங், இதோடு முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில். "எங்கம்மா மையர்."

"மையர் வீட்டுல எல்லாரும்தான் கலந்திருப்பாங்க. ஏதோ ஒரு காலத்துல நம்ம பொண்ணு ஒண்ணு அங்க போயிருக்கும். திரும்பி வந்திருக்கு பாரு காது" என்றாள் குட்ரூன்.

காதுகளை வரிசையாக நிறுத்திப் பக்கவாட்டில் படம் எடுத்தார்கள். ஹென்னிங்கை நடுவில் நிற்க வைத்தார்கள், அளவுகோலாக.

எல்லோரும் காபிக்கு நகர்ந்ததும் அவன் வரைபடத்திடம் போனான். சொல்லத்தானே முடியவில்லை, செய்துவிடலாம் என்று தோன்றியது. பெட்டியில் இருந்து ஒரு நீல ஊசி எடுத்தான். கீலில் சிவப்பைப் பிடுங்கி நீலத்தைக் குத்தினான். மனசு கொஞ்சம் லேசானது. கையில் சிவப்பு மிச்சம் இருந்தது. பெட்டி பக்கம் குட்ரூன் வந்துகொண்டிருந்தாள். சட்டைப்பையில் போட்டால் குத்தும். எவரும் இல்லாத மூலையாகப் பார்த்து, கிழக்கு எல்லையில், ஸாக்ஸனியின் ஓரத்தில், செருகிவிட்டுத் திரும்பினான்.

பிளம் கேக் நன்றாக இருந்தது. பாதி தின்பதற்குள் ஏவால்டின் குரல் கேட்டது.

"கீல்ல யாரு நீலம் குத்தினது?"

"நான்தான்" என்றான் ஹென்னிங். எழுந்து நின்றான். "அதான் சரி. சிவப்பு தப்பு."

"தப்புதான். நீலம் எப்படித் தனியா நிக்கும்? பொண்டாட்டி இருந்தா புருஷன் இருக்கணும்ல?" ஏவால்ட் நீலத்தின் பக்கத்தில் இன்னொரு சிவப்பைக் குத்தினார். "கல்யாணம் ஆனவன்னு சொல்லவே இல்லையே நீ. எங்க அவ?"

"வரல."

"வந்திருக்கலாம்ல?"

"வர முடியல."

கீலில் இப்போது சிவப்பும் நீலமும் தலையோடு தலை இடித்துக்கொண்டு நின்றன. நிறம்தான் மாறியிருந்தது. சிவப்பு அவள். நீலம் அவன். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். எவரோ தோளில் தட்டும்வரை நின்றான். குடையைக் கொடுக்க வந்த இடத்தில், மழை விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தமாதிரி இருந்தது.

தோளில் தட்டியது குட்ரூன். ஒரு பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள்.

"கேக். உன் வீட்டுக்காரிக்கு. ரயில்ல நசுக்கிடாத. அவளுக்குப் பிளம் பிடிக்குமா?"

"பிடிக்கும்" என்றான். பிடித்திருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் சொன்னதெல்லாம் பொய்யாகிக்கொண்டிருந்தது.

அதற்குள் வரைபடத்தின் முன் இன்னொரு கூட்டம்.

"ஸாக்ஸனியில ஆள் இருக்கு" என்றார் ஏவால்ட். "இத்தனை வருஷமா தேடுறேன், ஸாக்ஸனி காலின்னு நினைச்சேன். யாரு குத்தினது?"

ஹென்னிங் வாய் திறந்தான். அதற்குள் ஊடோ, "அது எங்க கிளைதான்" என்றான். "தாத்தாவோட தம்பி சுரங்க வேலைக்குக் கிழக்கே போனாரு. வீட்டுல பேசிக் கேட்டிருக்கேன்."

"உன் தாத்தாவோட தம்பி பக்கத்து மதுக்கடையைத் தாண்டிப் போனதில்ல" என்றாள் குட்ரூன். "ஸாக்ஸனிக்குப் போனது எங்க ஆளு. மருந்துச் செடி வியாபாரம்."

"எதை வித்தாலும் உங்க ஆளுதானா?"

"பின்ன, பஸ் ஓட்டிக்கிட்டா போயிருப்பாரு?"

"அந்த ஊசி..." என்று ஆரம்பித்தான் ஹென்னிங்.

"தம்பி, நீ வடக்கு. இதுல தலையிடாத" என்றான் ஊடோ. அரை மணி நேரத்துக்கு முன் காதில் தோற்றவன் அவன்.

சண்டை முற்றியது. பெயருக்கு அர்த்தம் ஓடையோர மரங்களும் வேலியடைத்த வயலும் என்று ஏவால்ட் கடிதத்தில் எழுதியிருந்ததைக்கூட ஊடோ இப்போது ஏற்க மறுத்தான். டோர்ட்முண்ட்காரர்கள் ஒரு பெஞ்சுக்கும் பிரேமன்காரர்கள் எதிர் பெஞ்சுக்கும் பிரிந்தார்கள். ஏவால்ட் ஒரு கரண்டியால் காபிக் கூஜாவைத் தட்டினார்.

"சண்டை வேண்டாம். நம்ம பேருக்குச் சங்கம் வைக்கப்போறோம், அதுக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கணும். எந்தப் பக்கமும் சேராத ஆளா இருக்கணும். சின்ன வயசா இருக்கணும். கீல் இருக்காரே."

"சம்மதம்" என்றாள் குட்ரூன். "காது இருக்கு."

"ஊடோ?"

"அவங்க ஆளு இல்லேன்னா சரி."

"நான் ஓட்டுப் போடலாமா?" என்று ஊடோவின் மனைவி கேட்டாள்.

"நீல ஊசிக்கு ஓட்டு கிடையாது" என்றார் ஏவால்ட்.

"அப்போ கேக் சுட மட்டும் நாங்களா?"

ஏவால்ட் அதைக் கேட்காதது மாதிரி ஹென்னிங்கைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு சின்னக் குழாயை எடுத்தார். உள்ளே பஞ்சு சுற்றிய குச்சி. "தலைவர்லேர்ந்து ஆரம்பிப்போம். எச்சில் பரிசோதனை. யோஹான் பேர்ன்ட் எல்லர்காம்ப்தான் நமக்கெல்லாம் மூலவர். இந்தப் பண்ணையில பதினொரு பிள்ளை பெத்தாரு. இங்க இருக்கிற ஒவ்வொரு சிவப்பு ஊசியும் அவர் ரத்தம். காகிதத்துல நிரூபிச்சுட்டேன். இப்போ உடம்புல நிரூபிக்கணும். வாயைத் திற."

ஹென்னிங் வாயைத் திறந்தான். சொல்வதற்காகத் திறந்தான். குச்சி உள்ளே போய்விட்டது. ஏவால்ட் கன்னத்தின் உள்பக்கம் சிரத்தையாகத் தேய்த்தார், நிலத்தை அளப்பதுபோல.

இப்படியே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தலைவர். பெயர் இருக்கும். ஊசி இருக்கும், பக்கத்தில் இன்னொரு ஊசியும். பரிசோதனை முடிவு வரச் சில வாரம் ஆகும். அதுவரை எவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் மடியில் அந்தப் பொட்டலம் இருந்தது. அவளுக்கு என்று கட்டிக்கொடுத்தது.

குச்சியை வாயிலிருந்து எடுத்தான்.

"நான் மையர்" என்றான்.

"அம்மா மையர்னு சொன்னியே."

"அப்பாவும் மையர். நான் பொறந்ததே மையர். எல்லர்காம்ப் என் மனைவி. அல்முட். நான்தான் கட்டிக்கிட்டு வந்தவன். அவ செத்துட்டா. நீ எழுதி வச்சது சரி, வடக்குக் கிளை அத்துப்போச்சு. ஸாக்ஸனியில யாரும் இல்ல. அந்த ஊசியும் நான் குத்தினதுதான்."

ஊடோதான் முதலில் பேசினான்.

"அப்போ காது?"

"காது பொய் சொல்லாது" என்றாள் குட்ரூன், ஆனால் குரலில் பலம் இல்லை. பொட்டலத்தைப் பார்த்தாள். உடனே பார்வையை விலக்கிக்கொண்டாள்.

ஏவால்ட் ஏணியில் ஏறினார். ஸாக்ஸனி ஊசியைப் பிடுங்கினார். அப்படியே வடக்கே கை நீட்டி, கீல் சிவப்பின் மேல் விரலை வைத்தார். பிடுங்கவில்லை. திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, கணக்கு உதைத்த ஆளின் முகம்.

"பேரை என்ன செய்யப் போற?"

"திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கணும். அக்கா நேரம் வாங்கி வச்சிருக்கா."

"உனக்குக் கொடுக்கணும்னு இருக்கா?"

ஹென்னிங் கீலில் நின்ற இரண்டு ஊசிகளையும் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நல்ல பையன் நீ. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? யோஹான் பேர்ன்டோட ரத்தம் ஒரு சொட்டு இல்லாம, கட்டினவளும் போனப்புறம், பேரை மட்டும் வச்சுக்கிட்டா, அது என்ன பேரு? வெளியாள் மேல மாட்டின வெறும் சட்டை மாதிரி."

"புரியுது" என்றான் ஹென்னிங். புரியவில்லை. ஆனாலும் எழுந்து பையை எடுத்தான்.

அப்போது கொட்டகைக் கதவு திறந்தது. மெஷ்டில்ட் வந்தாள். இப்போது பண்ணை அவளுடையது. கொட்டகையை ஒரு நாளைக்கு இவர்களுக்கு விட்டிருந்தாள். ரப்பர் பூட்ஸ், கையில் வாளி.

"பால் கறக்கிற நேரம். டிராக்டரை உள்ள விடணும். முடிஞ்சுதா இல்லையா?" என்றாள். பிறகு முகங்களைப் பார்த்தாள். "யாரு செத்தது?"

"யாரும் இல்ல" என்றான் ஊடோ. "ஒருத்தர் எல்லர்காம்ப் இல்லேன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு?"

ஹென்னிங் கையைத் தூக்கினான்.

"பொண்டாட்டி பேரை எடுத்துக்கிட்டவன்" என்று விளக்கினார் ஏவால்ட் ஏணி மேலிருந்து.

"அதுக்கென்ன? இங்க பொண்ணைக் கட்ட வர்ற எவனும் பண்ணைப் பேரைத்தான் எடுத்துக்கணும். பேரு ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு. என் புருஷனே பொறந்தப்ப க்னூப்தான்."

"அது உங்க ஊர் வழக்கம்மா. நாங்க பேசறது ரத்தம். யோஹான் பேர்ன்ட்..."

"மாட்டுத்தொழுவ நிலை மேல வெட்டி வச்சிருக்கே, ஒருத்தரும் அண்ணாந்து பாக்கலையா?" மெஷ்டில்ட் வாளியைக் கீழே வைத்தாள். "யோஹான் பேர்ன்டே வீட்டோட மாப்பிள்ளையா வந்த வெளியூர்க்காரருதான், எல்லர்காம்ப் பொண்ணு பிள்ளை இல்லாமலே மறு வருஷம் செத்துப்போச்சு, இவரு அவ பேரை வச்சுக்கிட்டு வேற ஒருத்தியைக் கட்டினாரு, அந்தப் பதினொண்ணும் இந்த ரெண்டாவதுக்குப் பொறந்ததுதான், நம்ம எல்லாரும் அந்த வழிதான்."